துரை மேசை வீடு வந்து சேர்ந்த விவரம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
ஆங்கீரச வருஷம், ஆவணி மாதம், வியாழக்கிழமை.

கிள்ளானில் மளிகை வியாபாரம் செய்துவரும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் அய்யாவு அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சீதாலெட்சுமியின் புருஷன் ரெங்கசாமி அநேக நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சௌக்கியம். தங்கள் தங்கையும் சௌக்கியம். தாங்கள் அனுப்பிவைத்த மேசையும் ஒருவாறு சௌக்கியமே. அந்த "ஒருவாறு" என்ற வார்த்தைக்கு விளக்கம் சொல்லவே இக்கடிதம். ஆகையால் தாங்கள் இதைக் கடையில் நின்றபடியே படிக்காமல், வீட்டுக்குப் போய், ஒரு வாய் காபி குடித்து, சாய்வு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்ட பிறகு படிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பெனியில் ஆள்குறைப்பு என்று சொல்லி, கைகுலுக்கி, என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்ட சமாசாரம் தாங்கள் அறிந்ததே. உடனே தாங்கள், குடும்பத்தோடு கிள்ளானுக்கு வந்துவிடும்படியும், கடையில் கல்லாப் பக்கம் எனக்கு ஒரு முக்காலி காத்திருப்பதாகவும் எழுதினீர்கள். அந்த அன்பை நான் மறக்கிறவன் அல்ல. ஆனால் இத்தனை வருஷம் இங்கிலீஷில் கடிதம் எழுதியே பிழைத்தவன் திடீரென்று புளி நிறுக்கக் கிளம்பினால் எனக்கும் நல்லதில்லை, புளிக்கும் நல்லதில்லை என்று தோன்றியது. அதனால் வீட்டிலேயே ஓர் ஆபீஸ் போட்டு, வருகிறவர்களுக்கு மனுவும் கடிதமும் டைப் அடித்துக் கொடுப்பது என்று தீர்மானம் செய்தேன். கம்பெனி கழித்துப் போட்ட டைப்ரைட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. பேனா, மை, காகிதம் எல்லாம் இருந்தன. மேசை ஒன்றுதான் இல்லை. "கையகல மேசை ஒன்று அகப்பட்டால் போதும்" என்று தங்களுக்கு எழுதினேன். கையகலம் என்று நான் எழுதியது என்னுடைய கையை நினைத்து. தாங்கள் யாருடைய கையை நினைத்துக்கொண்டீர்களோ தெரியவில்லை.

மேசை வருவதற்கு முன்னால் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிட வேண்டும். முதலில் ஆபீஸைப் படுக்கை அறையில் வைத்தேன். அங்கே அமைதி இருந்தது, காற்று இருந்தது, கட்டிலும் இருந்தது. கட்டில் இருந்தபடியால் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் நடக்கவில்லை. பிறகு சமையலறைக்கு மாற்றினேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, ஆனால் நான் எழுதிக் கொடுத்த முதல் மனுவில் மேன்மை தங்கிய துரை அவர்களின் பெயருக்கு மேலே சாம்பார் தெறித்து, அதைத் துடைக்கப் போய்த் துரையின் பெயரே போய்விட்டது. கடைசியாக ஹாலில் ஜன்னல் ஓரத்தில், அரிசிப் பெட்டிமேல் பலகை போட்டு டைப்ரைட்டரை வைத்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் தெரியவந்தது, மைத்துனரே. பகல் வேளையில் என் வீடு என்னுடையது அல்ல. நான் ஆபீஸ் போய்வந்த காலமெல்லாம் காலையில் பூட்டியது போல் அப்படியே இருந்து மாலையில் என்னைக் கண்டதும் திறக்கும் வீடு என்றல்லவா எண்ணியிருந்தேன்! இங்கே மீன்காரர் வருகிறார், கீரைக்காரி வருகிறாள், புடவை மூட்டைக்காரர் வந்து பாய் விரித்து உட்காருகிறார், தெருவில் உள்ள பெண்கள் பாதிப் பேர் தங்கள் தங்கையிடம் யோசனை கேட்க வருகிறார்கள். எல்லோரும் என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்கள். நடுநடுவே சீதாலெட்சுமி, "சும்மாத்தானே இருக்கீங்க, இந்த முருங்கைக்காயைக் கொஞ்சம் நறுக்கிக் குடுங்க" என்று தட்டை நீட்டுகிறாள்.

"நான் சும்மா இல்ல சீதா, ஆபீஸ்ல இருக்கேன்" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? வேட்டி கட்டிக்கிட்டு அரிசிப் பொட்டி முன்னால உக்காந்திருந்தா அது ஆபீஸா? ஆபீஸ்ல இருந்தா ஆபீஸ்ல இருக்கிற மாதிரி இருங்க. வீட்ல இருந்தா வீட்ல இருங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மறுநாள் முதல் காலையில் குளித்து, சாப்பிட்டு, கோட்டுப் போட்டு, தலைப்பாகை வைத்து, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போய், பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி, முன்வாசல் வழியாக உள்ளே வந்து அரிசிப் பெட்டிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தேன். கோட்டு என் மேலே இருக்கும்வரை நான் வீட்டில் இல்லை என்பது எங்களுக்குள் ஏற்பாடு. தாங்கள் சிரிக்கலாம். ஆனால் ஏற்பாடு பிரமாதமாக நடந்தது. முருங்கைக்காய் நின்றது. வேலை ஓடியது. ஒருநாள் செந்தூலிலிருந்து ஒரு மனிதர், பெரிய மனு ஒன்று எழுத வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு பின்வாசல் பக்கம் வந்து, "ஐயா இருக்காராம்மா?" என்று கேட்டார். தங்கள் தங்கை சிறிதும் யோசிக்காமல், "இல்லீங்களே, ஆபீஸ் போயிருக்கார்" என்றாள். நான் ஹாலிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். நான் எழுந்து ஓடி, சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சேருவதற்குள் அந்த மனிதர் சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார். "ஏன் சீதா இப்படிச் சொன்னே?" என்றால், "கோட்டுப் போட்டிருந்தீங்களே?" என்கிறாள்.

இந்த நிலைமையில்தான் தங்கள் மேசை வந்தது. தோட்டத்துத் துரை சீமைக்குப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டதையும், தாங்கள் முட்டி மோதி அதை எடுத்ததையும், அது பர்மா தேக்கு என்பதையும் லோரிக்காரர் வாய்மொழியாகச் சொன்னார். அவரோடு வந்த ஆட்கள் மேசையை இறக்கி வாசற்படியில் வைத்து நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கதவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நீளவாக்கில் முயன்றார்கள், குறுக்கில் முயன்றார்கள், கால்கள் மேலே இருக்கும்படி கவிழ்த்து முயன்றார்கள். மேசை ஒரு விரல்கடைகூட உள்ளே வரவில்லை. "சாரே, இது வீட்டுக்குள்ள வைக்கிற மேசை இல்ல. இதுக்குள்ளதான் வீட்டை வைக்கணும்" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறிவிட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் தங்கள் மேசை வாசலுக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நின்று பிரிக்பீல்ட்ஸுக்கே சேவை செய்தது. காலையில் பலகாரக்காரர் தட்டுகளை அதன்மேல் பரப்பினார். பகலில் ஆடு ஒன்று ஏறிப் படுத்தது. மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் சுற்றி நின்று சீட்டு ஆடினார்கள். பக்கத்து வீட்டு டோரிஸ் (ரயில்வேயில் வேலை பார்க்கும் லெஸ்லியின் சம்சாரம், மாதா கோவிலில் பாடுகிற பெண்) தன் கைக்குழந்தையின் துணிகளை அதில் உலர்த்தினாள். நான் கோட்டும் தலைப்பாகையுமாகத் தினமும் பின்வாசலில் கிளம்பி முன்வாசலுக்கு வந்தால், மேசை வழியை அடைத்து நிற்பதால் உள்ளே நுழைய முடியாது. மறுபடி சந்து வழியாகச் சுற்றிப் பின்வாசலுக்கே வருவேன். சீதாலெட்சுமி, "என்ன, இன்னைக்கு ஆபீஸ் லீவா?" என்பாள்.

கடைசியில் வீட்டுக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து எடுத்து, தெருவே கைகொடுத்து மேசையை உள்ளே இறக்கினோம். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி ஓய்ந்த பிறகுதான் பார்த்தோம்: மேசை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஹாலை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நானும் தெருவும். அந்தப் பக்கம் சீதாலெட்சுமியும் சமையலறையும். இடையில் போகவர வழி இல்லை. காபி வேண்டும் என்றால் தபாலாபீஸில் நிற்பதுபோல் மேசைக்கு முன்னால் நின்று கை நீட்ட வேண்டும். அவள் மறுபக்கமிருந்து டம்ளரைத் தள்ளுவாள். என் கை எட்டாது, அவள் கையும் எட்டாது. குடைக் கம்பியால் இழுத்து எடுப்பேன். நான் ஊருக்குள் ஆபீஸ் போய்வந்த காலத்தில்கூட எங்களுக்குள் இவ்வளவு தூரம் இருந்ததில்லை.

மைத்துனரே, உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போயிற்று. குடைக் கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, "சீதா, போதும். ஆபீஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். கிள்ளானுக்கே போயிடலாம். உனக்கும் அண்ணன் வீட்ல இருந்தா ஆதரவாத்தானே இருக்கும்? மச்சானுக்கு இன்னைக்கே காயிதம் போடறேன்" என்றேன். இத்தனை நாளும் அவள் மனசு கிள்ளானில்தான் இருக்கிறது, என் பிடிவாதத்துக்காகத்தான் இங்கே இருந்துகொண்டிருக்கிறாள் என்று நான் எண்ணியிருந்தேன்.

அவள் மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "அண்ணன் தங்கமான மனுசன். அண்ணியும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. ஆனா அங்க போனா நான் தங்கச்சி. தங்கச்சி வந்திருக்கா, தங்கச்சிக்குச் சோறு போடு, தங்கச்சிக்குப் பாய் போடுன்னு சொல்லுவாங்க. இங்கதான் நான் வீட்டுக்காரி. மீன்காரன் என்கிட்டதான் வெல கேக்கறான். நான் எங்கயும் வர்ல" என்றாள்.

"அப்ப இந்த மேசைய என்ன பண்றது?"

"மேசைதானே? மனுசனா?" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது அவளோடு, தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் சீனத் தச்சரும் ரம்பத்தோடு வந்தார். தங்கள் தங்கை அடுப்புக் கரியை எடுத்து, மேசையின் நடுவிலே, வளைவு நெளிவு இல்லாமல், பளிச்சென்று ஒரு கோடு போட்டாள். தச்சர் மேசையைத் தடவிப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். "சாயாங் லா! தா போலே!" என்று கைகளை விரித்தார். ஐயோ பாவம், இதை அறுக்கக் கூடாது என்கிறார். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தங்கள் தங்கை, "போலே, போலே, நீ அறு" என்றாள். அறுக்கலாம், அறுக்கலாம் என்று அர்த்தம். மலாயும் தமிழும் கலந்த அந்த உத்தரவைக் கேட்டு அவர் ரம்பத்தை எடுத்தார். நான் மேசையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். தாங்களே அங்கே இருந்திருந்தாலும் மறு முனையைப் பிடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆம், மைத்துனரே. மேசையை இரண்டாக அறுத்துவிட்டோம். இப்போது காபியில் இன்னொரு வாய் குடியுங்கள்.

இழுப்பறைகள் உள்ள பாதி ஹாலில் ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் இடது கைப்பக்கம் விழும்படி நிற்கிறது. இரண்டு பாதிகளின் அறுத்த பக்கத்துக்கும் தச்சர் இரண்டிரண்டு புதுக் கால்கள் வைத்துக் கொடுத்தார். மற்ற பாதி சமையலறைக்குப் போய், அம்மிக்குப் பக்கத்தில் நின்று, காய்கறி நறுக்கவும் மாவு பிசையவும் உதவுகிறது. இவ்வளவு நாள் தரையில் குனிந்து குனிந்து முதுகு வலித்தவள், இப்போது நிமிர்ந்து நின்று சமைக்கிறாள். நடுவில் போகவரத் தாராளமாக வழி இருக்கிறது. கோட்டு ஏற்பாட்டையும் ரத்துச் செய்துவிட்டோம். மேசை முன்னால் உட்கார்ந்தால் ஆபீஸ், எழுந்தால் வீடு. ரயில் போகும்போது மைக்கூடு தானாகவே விளிம்பை நோக்கி நடந்துபோகிறது என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

குறை கிடையாது என்று எழுதினேன், ஆனால் டோரிஸின் குழந்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் விவரம் முழுமையாகாது. அந்தக் குழந்தை அழ ஆரம்பித்தால் தெருவே எழுந்து உட்காரும். ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் என் டைப்ரைட்டர் சத்தம் கேட்டால் வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடும். இதை டோரிஸ் கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், பிளீஸ், கொஞ்சம் அடிங்க அங்கிள். நான் ரெண்டு துணி அலசிட்டு ஓடியாந்துடறேன்" என்று என் மேசைக் கோடியில் துணி மெத்தை விரித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அன்று அடிக்க வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் அடித்தேன். எழுத்துக்களை அ முதல் ஃ வரை என்பதுபோல் இங்கிலீஷில் வரிசையாக அடித்தேன். பிறகு கம்பெனி துரைமார்களின் பெயர்களை நினைவிலிருந்து அடித்தேன். நிறுத்தினால் கண்ணைத் திறக்கிறது. அடித்தால் மூடுகிறது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். சுங்கை பூலோவில் மரம் அறுக்கும் ஆலை வைத்திருக்கும் கன்னையா என்பவர். நகரத்து வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு மரம் கொடுப்பதாகச் சொல்லி எத்தனையோ கடிதம் போட்டும் ஒருவரும் பதில் எழுதவில்லையாம். நல்ல இங்கிலீஷ் ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் எழுந்து வரவேற்றால் குழந்தை எழுந்துவிடும். எழாவிட்டால் வந்தவர் போய்விடுவார். கைகளை நிறுத்தாமலே தலையை மட்டும் அசைத்து, பெஞ்சைக் காட்டினேன். சமையலறையிலிருந்து வந்த சீதாலெட்சுமி உதட்டில் விரலை வைத்து அவருக்கு ஜாடை காட்டினாள். குழந்தையோ மேசைமேல் இருந்த காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் படுத்திருந்ததால் அவர் கண்ணில் படவில்லை. இது ஏதோ பெரிய இடத்து ஆபீஸ், இங்கே சத்தமாகப் பேசக் கூடாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, குசுகுசுவென்று தம் விஷயத்தைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் கை எடுக்காமல் அப்படியே இங்கிலீஷில் அடித்துக்கொண்டே போனேன். வேறு என்ன செய்வது? இப்படி வரும் கடிதங்களைக் கம்பெனியில் எந்த மாதிரி இருந்தால் ஓரமாகப் போடுவோம், எந்த மாதிரி இருந்தால் போட முடியாமல் துரை மேசைக்குக் கொண்டுபோவோம் என்பது எனக்குத் தெரியாதா? அவர் பேசி முடித்ததும் காகிதத்தை உருவி நீட்டிவிட்டு, இன்னொரு காகிதத்தைச் சொருகி, பழையபடி துரைமார்கள் பெயரை அடிக்க ஆரம்பித்தேன்.

"நான் வாய மூடறதுக்குள்ள காயிதம் ரெடி! டவுன்ல ஒரு காயிதத்துக்கு ரெண்டு நாள் இழுக்கறானுங்க. ஐயா தலையக்கூட நிமித்தல" என்று அவர் சீதாலெட்சுமியிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவர் எப்பவும் அப்படித்தாங்க" என்றாள் தங்கள் தங்கை.

அப்போது டோரிஸ் ஓடிவந்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்று காகிதக் கட்டுக்குப் பின்னாலிருந்து குழந்தையைத் தூக்கினாள். கன்னையா குழந்தையைப் பார்த்தார், டைப்ரைட்டரைப் பார்த்தார், நான் அடித்துக்கொண்டிருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தார். மனிதர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், குழந்தையே விழித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து சிரித்தது. அந்தக் கடிதத்துக்கு அடுத்த வாரமே பதில் வந்தது. இப்போது அவருடைய இங்கிலீஷ் காரியம் முழுவதும் இந்த ஆபீஸில்தான் நடக்கிறது. அவர் சொல்லி இன்னும் சிலர் வருகிறார்கள். பெஞ்சு காலியாக இருப்பதே அபூர்வம்.

அந்த முதல் நாள் போகும்போது அவர் நம் மேசையின் அறுத்த பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்து, "இது தேக்குன்னு யார் சொன்னது? நம்ம மலாயாக் காட்டு மரமாச்சே" என்றார். பர்மா தேக்கைப் பாழாக்கிவிட்டோமே என்ற கவலை அந்த நிமிஷமே எனக்கு நீங்கியது. தங்களுக்கும் நீங்கும் என்று இதை எழுதியிருக்கிறேன்.

ஆகவே மைத்துனரே, நாங்கள் கிள்ளானுக்கு வரவில்லை. அதற்காக மனவருத்தம் கொள்ள வேண்டாம். நாங்கள் இங்கே நிம்மதியாக இருக்கிறோம். ஆபீஸுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. இதற்குமேல் ஒரு முளைக்குச்சிகூடத் தேவையில்லை என்பதைத் தாங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பகலில் நான் டைப் அடிக்கும் சத்தமும் அவள் அந்தப் பாதியில் காய் நறுக்கும் சத்தமும் சேர்ந்து கேட்கும்போது, கம்பெனி எனக்குக் கைகொடுத்து அனுப்பியது ஒரு நல்ல காரியம் என்றே தோன்றுகிறது. அண்ணியாருக்கு என் வணக்கமும், குழந்தைகள் படிப்பிலும் பல்லிலும் உறுதியாக இருக்க எங்கள் ஆசியும், கடையில் தங்கள் தராசு என்றும் நம் பக்கமே சாயாமல் நேராக நிற்க ஈசன் அருளும் ஆகுக.

இப்படிக்கு,
தங்கள் நலம் கோரும்
ரெங்கசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் வாசலில் லோரிச் சத்தம் கேட்டது. அதே லோரிக்காரர். அதே துரையின் புத்தக அலமாரியாம், அதே ஏலமாம். மேசை தனியாக நின்றால் நன்றாக இருக்காது என்று தாங்கள் அனுப்பினீர்களாம். கூடவே தங்கள் வீட்டு நாற்காலிகளும், பெரிய பெஞ்சும், அந்தச் சாய்வு நாற்காலியும்கூட வந்திருக்கின்றன. ஆகையால் தாங்கள் இதை எதில் சாய்ந்துகொண்டு படிக்கிறீர்கள் என்பது தெரியவில்லை. இறக்கி வைத்துவிட்டு லோரி போய்விட்டது. கதவு, ஜன்னல் இரண்டும் அடைபட்டு, நான் இதைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து எழுதுகிறேன். நிம்மதி என்று மேலே எழுதியிருக்கும் இடத்தைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். சீதாலெட்சுமி சாமான்களைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, அண்ணன் வீடு இப்ப காலியாத்தானே இருக்கும்? பேசாம கிள்ளானுக்கே போயிடலாமா?" என்று கேட்கிறாள்.